அண்ணனுக்கு நான் தடவிக் கொடுத்தது

எங்கள் ஆலையில் ருசி பார்க்கும் அறைக்குச் சிவப்பு விளக்குதான். நாலடி அகலத்துக்கு ஒரு தடுப்பு, ஒரு நாற்காலி, வாய் கொப்பளிக்க வெந்நீர், எதிர்ச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை மூன்று கிண்ணங்களை உள்ளே தள்ளும். சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். எது பழைய சரக்கு, எது புதுச் சரக்கு என்று கண் காட்டிக்கொடுக்காது. நாக்கும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். வயிறு காலியாக இருக்கிற முற்பகல் வேளையில் அங்கே போய் உட்கார்ந்தால், நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். சுவர்கள் இளகும். கிண்ணத்தை எடுக்கிற கை யாருடைய கையோ மாதிரி இருக்கும். எங்கோ கடலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மார்ஜரின் தின்பதாகத் தோன்றும். பன்னிரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை இப்படிக் கடலுக்கடியில் போய் வருகிறேன். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

மற்ற நேரமெல்லாம் எனக்குச் சோதனைக்கூடத்தில் வேலை. நாங்கள் செய்வது ரொட்டியில் தடவுகிற சாதாரண மார்ஜரின் இல்லை, கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மார்ஜரின். அதற்காக அதில் சேர்க்கிற பொருளுக்குத் தாவர ஸ்டெரால் என்று பெயர். விதை, கொட்டை, எண்ணெய் எல்லாவற்றிலும் துளித்துளியாக இருப்பதுதான். அதைப் பிரித்தெடுத்து வெள்ளைச் செதில்களாக மூட்டை கட்டி அனுப்புவார்கள். மூட்டையைப் பிரித்தால் ஒரு வெண்புகை எழும்பி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கும். வாசனை கிடையாது, ருசி கிடையாது, தண்ணீரில் கரையாது. சூடான எண்ணெய்த் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் கிண்டினால்தான் வழிக்கு வரும்.

அது செய்கிற தந்திரம் எளிது. பார்ப்பதற்குக் கொலஸ்ட்ராலின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி அதே சாயல். குடலின் வாசலில் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்கும். நிஜக் கொலஸ்ட்ரால் பாதிக்கு மேல் உள்ளே போக வழியில்லாமல் திரும்பிவிடும். இது மட்டும் உள்ளே நுழைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. வாசலில் இருக்கிற காவலாள், 'நீ இந்த வீட்டு ஆள் இல்லையே' என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவான். தினமும் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் பத்தில் ஒரு பங்கு இறங்கும். எத்தனையோ பேருக்கு இறங்கியிருக்கிறது. எனக்கு என் சரக்குமேல் பெருமைதான். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கிற ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டும் அவன் கைக்குத்தான் அடங்கும். அவனும் அண்ணியும் மூன்றாவது மாடி, நான் ஐந்தாவது மாடியில் தனி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என்னைக் கேட்டவர்கள், என் முகத்தைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை கேட்டதில்லை. காலையும் ராத்திரியும் சாப்பாடு மட்டும் அண்ணன் வீட்டில். அண்ணி ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறாள். "உன் அண்ணி குத்துறது யாருக்கும் தெரியாது. நீ பேசினா குத்துறது மட்டும்தான் தெரியும்" என்பான் அண்ணன். எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன் என்பதால், அவன் எனக்கு வைத்த பெயர் மூக்கி.

அப்பா நாற்பத்தாறு வயதில், கையில் காய்கறிப் பையோடு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அண்ணனுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினாலு. அதற்குப் பிறகு என்னைப் படிக்க வைத்ததும் என் கோபத்துக்கெல்லாம் ஈடுகொடுத்ததும் அவன்தான். இப்போது அவனுக்கு நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்தாறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் படியேறும்போது எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறான் என்று எண்ணுவேன். அவனுக்கு அது தெரியும். வேண்டுமென்றே விசிலடித்துக்கொண்டு ஏறுவான்.

போன வருடம் அண்ணன் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. அவனுடைய கொலஸ்ட்ரால் இருநூற்று முப்பத்தெட்டு.

"பாஸ் மார்க் எவ்வளவு?" என்று கேட்டான்.

"இருநூறுக்குக் கீழ இருக்கணும்."

"அப்ப நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்."

"சிரிக்காதண்ணா. இது என் டிபார்ட்மென்ட். மூணு மாசம் என்கிட்ட விடு, இறக்கிக் காட்டறேன்."

அவன் சாப்பாட்டுப் பிரியன். பேக்கரி வாசலைத் தாண்டும்போது அவன் கால்கள் தாமாகவே மெதுவாகிவிடும். அப்படிப்பட்டவன் நான் சொன்ன ஒரே சொல்லுக்கு முட்டையை விட்டான், இறைச்சியை விட்டான், வெண்ணெயை விட்டான். பதிலுக்கு நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: தாவர எண்ணெய், பாதாம், எள், சூரியகாந்தி விதை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையிலும் ராத்திரியிலும் எங்கள் மார்ஜரின். ஆலையிலிருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து, ரொட்டியின் மூலைமுடுக்கு விடாமல் என் கையாலேயே தடவிக் கொடுப்பேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பான். காலை வெயில் மேசைமேல் சாய்ந்து விழும். தடவிய ரொட்டி அந்த வெயிலில் மினுங்கும். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்திருக்கும். அப்பாவுக்குச் செய்ய முடியாததை இவனுக்குச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணி அறிக்கையைக் கொண்டுவந்தாள். இருநூற்று ஐம்பத்தாறு.

"இறங்கறதுன்னா மேல போறதா?" என்றான் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. "வெளியில என்ன தின்ன?"

"ஒண்ணும் திங்கலை."

"ஒண்ணும் திங்காமதான் பதினெட்டு ஏறுச்சா?"

"சத்தியமா மூக்கி. ஒரு பிஸ்கட்கூட வெளியில தொடலை."

நான் நம்பவில்லை. எண் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்பது என் கட்சி. எண்ணை வைத்துச் சோறு தின்பவள் வேறெப்படி நினைப்பாள். அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தேன். அவன் வேலைப் பையைத் துழாவினேன். ஒரு நாள் அவன் சட்டையில் வெண்ணெய் வாசனை அடித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகக் குதித்தேன்.

"இன்னிக்கு வேலை பேக்கரிக்காரங்க கட்டடத்துல," என்றான் அவன். "அடுப்படி வாசனை பூரா லிஃப்ட் குழி வழியாதான் மேல போகுது. நாள் முழுக்க அதுக்குள்ள நின்னேன். பேசாம என் சட்டையைத் தின்னுடலாமான்னு இருந்துச்சு."

அண்ணி சிரித்தாள். "விடும்மா, பாவம். எனக்குத் தெரியாம அவர் எதுவும் திங்க மாட்டார்."

"உங்களுக்கு ஊசி போடத் தெரியும் அண்ணி. ஆளைப் படிக்கத் தெரியாது," என்றேன். அதற்கும் அவள் சிரித்தாள். என்னோடு குடித்தனம் செய்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் கஷ்டம்தான்.

அடுத்த மூன்று மாதத்தில் இருநூற்று எண்பத்தொன்று.

அன்று நான் பேசியதை இங்கே எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அறிக்கையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"என் உழைப்பைக் கேலி பண்றியா? நான் மூட்டை மூட்டையா ஊருக்கே இறக்கறேன். என் வீட்ல மட்டும் ஏறுது."

"நீ சொன்னது எல்லாத்தையும்தான் செய்யறேன்."

"பொய் சொல்லாத."

"பொய் இல்லைடி."

"அப்பா மாதிரி நீயும் ஒரு நாள் படியில உக்காரு. அப்ப வந்து தூக்கறேன்."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்து, மடித்து, முழுவதையும் தின்று முடித்தான். பிறகு கை கழுவிவிட்டு வேலைக்குப் போனான். எதிர்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்; நான் தடவி வைத்ததை அவன் ஒரு துளி விடாமல் தின்றான். லிஃப்ட்டில் சேர்ந்து இறங்க நேர்ந்தால் அவன் கூரையைப் பார்ப்பான், நான் தரையைப் பார்ப்பேன். ராத்திரிகளில் எனக்கு ஒரே கனவு வந்தது. அண்ணன் லிஃப்ட் குழிக்குள் நிற்கிறான். மேலிருந்து வெள்ளைச் செதில்கள் சத்தமே இல்லாமல் பஞ்சு மாதிரி இறங்குகின்றன. அவன் தோளில் படிகின்றன, தலையில் படிகின்றன. நான் ஏதோ ஒரு மாடியில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், லிஃப்ட் வரவில்லை. விழித்ததும் அவன்மேல் கோபம்தான் வரும். தூக்கத்தில்கூட நிம்மதி தராமல் இப்படித் தின்கிறானே என்று.

ஒன்பதாவது நாள் ஆலைக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். புதிதாக ஸ்டெரால் விற்க வந்தவர். பளபளவென்று ஒரு சான்றிதழை என் முன்னால் நீட்டினார். ஸ்டெரால் மொத்தம் தொண்ணூற்றாறு சதவீதம் என்று அதில் போட்டிருந்தது.

"எப்படி அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"நிறச் சோதனை மேடம். மருந்தை விட்டா நிறம் மாறும். எவ்வளவு மாறுதோ அவ்வளவு ஸ்டெரால்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நிறச் சோதனைக்கு எல்லா ஸ்டெராலும் ஒண்ணுதான் சார். ஆட்டுக் கொழுப்புல இருக்கற கொலஸ்ட்ராலைக் கலந்து கொடுத்தாலும் இதே நிறம்தான் வரும். அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே ஆள்னு எண்ணிட்டு வந்திருக்கீங்க. மொத்தமா சொல்ற நம்பரை நான் நம்ப மாட்டேன். யார் யார் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டுங்க, அப்பறம் பேசலாம்."

சொல்லி முடித்துவிட்டுச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா மேடம்" என்று கேட்டார்.

கிளினிக்கிலும் கொலஸ்ட்ராலை நிறத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். அண்ணியே பல தடவை சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி எண்ணை எவன் கொண்டுவந்தாலும் முகத்தில் விட்டெறிகிற நான், வீட்டில் அதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கூடத்துத் தலைவருக்குத் தராசு என்று பெயர். மூச்சுவிட்டால்கூட நிறுத்துப் பார்த்துவிட்டு விடுகிற மனிதர். அவரிடம் போய், ரத்தத்தில் ஸ்டெராலைப் பிரித்துப் பார்க்க நம் மெஷினைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"யாரோட ரத்தம்?"

"எங்க அண்ணனோடது."

"இது மார்ஜரின் மெஷின்மா. ஆஸ்பத்திரி இல்லை." என்னையும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தார். "ரெண்டு பேரோடதையும் எடுத்துட்டு வா. உன்னோடதும் வேணும். ஒப்பிட்டுப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணி சாப்பாட்டு மேசையில் துணி விரித்து எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தாள். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்து நீட்டினான். அவன் முழங்கையில் பாக்கு அளவுக்கு இரண்டு கட்டிகள் உண்டு, குதிகாலுக்கு மேலே ஒன்று. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் முழங்கையை ஊன்றி ஊன்றி வந்த காய்ப்பு என்பான். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அன்று அதைத் தொட்டுப் பார்த்தேன். காய்ப்பு மாதிரி தோல் தடித்திருக்கவில்லை. தோலுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ உருண்டது. அண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

"அவர் பதினஞ்சு வயசிலேயே இருக்குன்னு சொல்லுவாரே," என்றாள் அண்ணி மெதுவாக. பதினைந்து வயதில் அவன் எந்த லிஃப்ட்டின்மேல் ஏறினான் என்று எங்கள் யாருக்கும் இத்தனை வருடம் தோன்றவில்லை.

எங்கள் மெஷின் ஒவ்வொரு ஸ்டெராலையும் தனித்தனியாகப் பிரித்து, வந்து சேர்கிற வரிசையில் கோடாக வரையும். முதலில் வருவது கொலஸ்ட்ரால். அதன் பின்னால்தான் செடிகளின் ஸ்டெரால்கள் ஒவ்வொன்றாக வரும். எது எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கோடு மேலே எழும்பி இறங்கும். ஒரு சோதனைக்கு நாற்பது நிமிடம். முதலில் என் ரத்தத்தை ஏற்றினேன். கொலஸ்ட்ரால் ஒரு சிகரமாக எழும்பி இறங்கியது, பிறகு கோடு படுத்துவிட்டது. நானும் அதே வீட்டில், அதே டப்பாவிலிருந்து, அதே மார்ஜரினைத்தான் தின்கிறேன். என் ரத்தத்தில் அதன் அடையாளம் சிட்டிகையளவுதான் இருந்தது. காவலாள் வாசலில் ஒழுங்காக நின்றிருக்கிறான்.

அடுத்து அண்ணனுடையது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினின் சின்ன விசிறி ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. மதிய வெயில் ஜன்னல் கண்ணாடியில் மெதுவாக நகர்ந்தது. திரையில் அந்தக் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது; பார்க்கப் பார்க்க நானும் அதன்மேல் நடந்து போவது போலவும், அண்ணன் எனக்கு முன்னால் எங்கோ விசிலடித்துக்கொண்டு போவது போலவும் இருந்தது. கொலஸ்ட்ரால் வந்தது. எழும்பி, என்னுடையது எட்டிய உயரத்தைக் கிட்டத்தட்ட எட்டி, இறங்கியது. அவ்வளவுதான், இனி ஒன்றும் வராது என்று கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை.

கோடு மறுபடி எழும்பியது. இறங்கி, மறுபடி எழும்பியது. கடைசியாக வந்தது அந்த இரண்டையும்விடப் பெரிதாக எழும்பியது.

அந்த மூன்று சிகரங்களும் எனக்கு என் கையெழுத்தை விடப் பழக்கம். தினமும் ஆலைச் சரக்கில் பார்க்கிற அதே மூன்று, அதே வரிசை. கணக்குப் போட்டால் கொலஸ்ட்ரால் இருநூற்றுப் பதினொன்று. செடி ஸ்டெரால் எழுபது. இரண்டையும் கூட்டினால் கிளினிக் சொன்ன அதே இருநூற்று எண்பத்தொன்று. ஆளுக்கு ஒன்றுகூடத் தேறக் கூடாத பொருள் என் அண்ணன் ரத்தத்தில் எழுபது ஓடிக்கொண்டிருந்தது. நான் தடவிக் கொடுத்தது.

தராசு பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அலமாரியிலிருந்து எங்கள் மார்ஜரினுக்காக முதலில் தயாரித்த ஃபைலை எடுத்துவந்து, நாற்பதாவது பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். லட்சக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்குப் பிறவியிலேயே தாவர ஸ்டெராலை வெளியே தள்ளுகிற சக்தி இருக்காது; அவர்களுக்கு அது ரத்தத்தில் சேரும், தசைநாரில் கட்டியாகப் படியும், இதயத்தைக் கெடுக்கும்; அவர்கள் இந்தப் பொருளைச் சாப்பிடக் கூடாது. அப்பா பங்கில் ஒரு குறை, அம்மா பங்கில் ஒரு குறை, இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும். அந்த வரியை டைப் அடித்தது நான். அடிக்கும்போது இப்படி ஒருத்தர் எங்கே இருக்கப்போகிறார் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அண்ணியின் கிளினிக் டாக்டரிடம் போனில் பேசினேன். இன்றைக்கே நிறுத்தச் சொன்னார். மார்ஜரின் மட்டுமில்லை, கொட்டை, விதை, தாவர எண்ணெய், நான் போட்ட பட்டியலில் இருந்த எல்லாவற்றையும். பெரிய ஆஸ்பத்திரியில் முறைப்படி ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும், இதயத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த வாசலை அடைக்க மாத்திரை இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு என்னைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

சாயங்காலம் கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. படியேறிப் போனேன். நாலாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கூண்டின் கூரைமேல் அண்ணன் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கூரை தரையைவிட ஒரு முழம் தாழ்ந்து நின்றது. அவனுக்கு மேலே மூன்று மாடி உயரத்துக்கு இருட்டு. நான் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"லிஃப்ட் அரை மணி நேரம் ஆகும்," என்றான், யாரோ குடித்தனக்காரரிடம் சொல்வதுபோல.

"லிஃப்ட்டுக்காக வரலைண்ணா."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், காவலாள், அப்பா பங்கு, அம்மா பங்கு, முழங்கைக் கட்டி, எழுபது. எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். அவன் எண்ணெய்த் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ தடவிக் கொடுத்ததா?"

"ஆமா."

"எல்லாருக்கும் நல்லதுன்னியே."

"எல்லாருக்கும் நல்லதுதான். உனக்கு மட்டும் ஆகாது."

"லட்சத்துல ஒருத்தன்," என்று அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "ஒரு பரிசுச் சீட்டுகூட விழுந்ததில்லை எனக்கு."

நான் காகிதத்தை விரித்தேன். மேலே என் கோடு, கீழே அவன் கோடு. அவன் குனிந்து பார்த்தான்.

"நான் வெளியில ஒண்ணும் திங்கலைன்னு இதுல எங்க இருக்கு?"

அவனுக்குக் கேட்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இதயம் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. நான் முதல் சிகரத்தைத் தொட்டேன். "இங்க. இதுதான் நிஜமான கொலஸ்ட்ரால். உன்னோடதும் என்னோடதும் ஒரே உயரம். மத்ததெல்லாம் நான் போட்டது. நீ சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் நம்பலை."

அண்ணன் விரலைத் துணியில் அழுத்தித் துடைத்தான். அந்த முதல் சிகரத்தின்மேல் விரலை வைத்தான். கீழே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது.

"ஒரு விஷயத்துல மட்டும் உன்கிட்ட மறைச்சுட்டேன் மூக்கி," என்றான்.

"என்ன?"

"இருநூத்தி ஐம்பத்தாறு வந்து நீ சந்தேகப்பட்ட இல்ல, அன்னிலேர்ந்து. நீ மாடிக்குப் போனதும் தெனமும் டப்பாவைத் திறந்து ரெண்டு பெரிய ஸ்பூன் எடுத்து அப்படியே தின்னுடுவேன். ரொட்டி இல்லாம. முழுங்கவே முடியாது, வாயெல்லாம் ஒட்டிக்கும். சீக்கிரம் இறங்கட்டும்னுதான். இறங்கிட்டா நீ என்னை நம்புவே இல்ல."

நான் அவனையே பார்த்தேன்.

"கேட்டப்ப சொல்லியிருக்கணும்," என்றான். "திருட்டுத் தீனிதானே அதுவும். மன்னிச்சுடு."

என் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொடுப்பேனா மாட்டேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.